கவசம் அணிந்த கடற்புழுவுக்கு முகவரி கிடைத்த கதை

(இயந்திரவியல் பிரிவு, இரண்டாம் ஆண்டு மாணவன்)



"மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கும் புழுவுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று மலர்க் குழுவில் உள்ள சீனியர் அண்ணன் கேட்டார். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்ல முதலில் என் மானம் போன கதையைச் சொல்ல வேண்டும்.

முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப் வைவா. மேஜையில் பத்துப் பதினைந்து உதிரி பாகங்கள் பரப்பி இருந்தன. தேர்வு எடுக்க வந்தவர் அதில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, "இது என்ன?" என்றார். அரை வட்டமாக, கட்டை விரல் நகம் அளவில் ஓர் இரும்புத் துண்டு. எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். "உடைந்த வாஷர் சார்" என்றேன். பக்கத்தில் நின்ற நான்கு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "எந்த ஸ்கூல்ல இருந்து வர்றே? வீட்ல யார் படிச்சிருக்காங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். "அதான்" என்றார். அந்த ஒரு சொல் இரண்டு நாள் என்னைச் சாப்பிட விடவில்லை.

என் அப்பா காயலாங்கடை வைத்திருக்கிறார். மூன்றாம் வகுப்பு வரை போனவர். இரண்டாவது நாள் ராத்திரி நான் விஷயத்தைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் எழுந்து போய், பழைய டின்னைக் கவிழ்த்து, அதே மாதிரி ஓர் அரைநிலாத் துண்டைத் தேடி எடுத்து வந்தார்.

"தம்பி, இதுக்கு பேரு அப்புறம். முதல்ல கையில வச்சுப் பாரு. வளைஞ்ச பக்கம் தேயவே இல்ல, புதுசா இருக்கு. அப்போ அது எதுக்குள்ளயோ உக்காந்திருந்தது. தட்டையான ரெண்டு பக்கமும் மேல மட்டும் அழுந்தியிருக்கு. அப்போ ஏதோ ஒண்ணு இதைத் தள்ளிக்கிட்டே சுத்தியிருக்கு. உடைஞ்ச வாஷர்னா நடுவுல ஓட்டையோட பாதி இருக்கணும்ல? எங்கே ஓட்டை?"

அது ஸ்கூட்டர் மேக்னெட்டோ சக்கரத்தை ஷாஃப்ட்டோடு பிடித்து வைக்கிற 'ஆஃப்மூன் கீ'. நம் பாடப்புத்தகத்தில் 'வுட்ரஃப் கீ' என்று இருக்கும். பேரை அப்பா கடைசியில்தான் சொன்னார்.

இது நடந்து சில மாதம் கழித்து, நம் கல்லூரி நூலகத்தில் ஓர் அறிவியல் இதழைப் புரட்டியபோது ஒரு படம் பார்த்தேன். வரிசையாக, ஓடு வேய்ந்த மாதிரி, ஒன்றன்மேல் ஒன்று படிந்த சிறு சிறு தகடுகள். ஏதோ இயந்திர பாகம் என்றுதான் நினைத்தேன். கீழே படித்தால், அது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து அழிந்துபோன ஒரு பிராணியின் கவசம்! அதன் தகடுகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பெரிய பெரிய விஞ்ஞானிகளே 150 ஆண்டு 'உடைந்த வாஷர்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! படித்ததும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது. அகராதியும் ஆங்கில ஆசிரியரின் உதவியும் வைத்து மேலும் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

யார் இந்தப் பிராணி?

இந்தக் கூட்டத்துக்குப் பெயர் 'மகைரிடியா'. சிறிய கத்தி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆர்டோவிசியன் காலத்தின் தொடக்கத்தில், அதாவது சுமார் 48 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இவை கடலில் இருந்திருக்கின்றன. பிறகு கார்பனிஃபெரஸ் காலம் வரையிலான பாறைகளிலும் கிடைக்கின்றன. கணக்குப் போட்டால் குறைந்தது 15 கோடி ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த வம்சம்.

48 கோடி என்றால் எவ்வளவு பழசு? நம்ம அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடல் பிராணிகளின் புதைபடிவங்கள் கிடைப்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை கிரெட்டேசியஸ் காலத்தவை. சுமார் பத்துக் கோடி ஆண்டு, அதற்கு அக்கம்பக்கம். அரியலூர்க் கடல் உண்டாவதற்கு வெகு காலம் முன்பே மகைரிடியா தோன்றி, வாழ்ந்து, அழிந்தும் போய்விட்டது. ஆகவே அங்கே போய்த் தேடாதீர்கள்!

உடம்பு மென்மையானது. முதுகில் மட்டும் கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத்தால் ஆன தகடுகள் வரிசை வரிசையாக இருந்தன. பிராணி செத்ததும் உடம்பு அழுகிப்போகும். தகடுகள் கழன்று, கடல் தரையில் அலை இழுத்த இழுப்புக்குச் சிதறிவிடும். பிறகு மண் மூடி, பாறையாகிவிடும். அந்தக் காலத்துக் கடல்தரைப் பாறைகளில் இந்தத் தகடுகள் பரவலாகக் கிடைக்கின்றன. ஆனால் தகடுகள் தம் வரிசை கலையாமல் முழுக் கவசமாகக் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலான தகடுகள் சில மில்லிமீட்டர்தான்.

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. ஒரு லேத் மெஷினைப் பிரித்து, பாதி பாகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, மீதியை நான்கு மாவட்டத்தில் கொட்டிவிட்டு, அசெம்பிளி டிராயிங்கையும் கொளுத்திவிட்டு, "இது என்ன மெஷின்?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அதுதான் தொல்லுயிரியல்காரர்களின் நிலைமை.

ஒரே தகட்டுக்கு மூன்று முகவரி

1857-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த டி கோனிங்க் என்பவர் இங்கிலாந்தின் டட்லி என்ற ஊர்ச் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த ஒரு படிவத்தை விவரித்தார். அதை 'கைட்டன்' என்று நினைத்தார். கைட்டன் என்பது பாறையில் ஒட்டி வாழும் மெல்லுடலி. நத்தைக்கும் சிப்பிக்கும் உறவு. அதன் முதுகில் எட்டு ஓடுகள் வரிசையாக இருக்கும். முதுகில் வரிசையாகத் தகடு இருக்கிறதே, ஆகவே கைட்டன். இது முதல் முகவரி.

1865-ல் ஹென்றி உட்வர்ட் அதே டட்லிப் படிவங்களைப் பார்த்து, "இது கைட்டன் அல்ல, பார்னக்கிள்" என்றார். 'டர்ரிலெபாஸ்' என்று பெயர் வைத்தார். பார்னக்கிள் என்பது தோணியின் அடியிலும் துறைமுகத் தூணிலும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். பார்த்தால் சிப்பி மாதிரி இருக்கும், ஆனால் நண்டு, இறால் வகையைச் சேர்ந்தது. அதில் சில இனங்களுக்குக் காம்பு இருக்கும், அந்தக் காம்பின் மேல் சுண்ணாம்புச் செதில்கள் அடுக்கடுக்காக இருக்கும். அந்த ஜாடைதான் உட்வர்டை இழுத்தது. 1872-ல் பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டில், பராண்ட் என்பவர் இன்னொரு வகைத் தகடுகளுக்கு 'புளுமுலைட்ஸ்' என்று பெயர் வைத்தார். அவரும் பார்னக்கிள் கூட்டத்தில்தான் சேர்த்தார். 1886-ல் அமெரிக்காவில் 'லெபிடோகோலியஸ்' என்று மூன்றாவது வகைக்குப் பெயர் வந்தது. ஆக, இரண்டாவது முகவரி பார்னக்கிள்.

1926-ல் ஒரு திருப்பம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த விதர்ஸ் என்பவர் பார்னக்கிள் படிவங்களிலேயே ஊறியவர். அவர்தான் இந்தத் தகடுகளை எல்லாம் ஒன்றுசேர்த்து, அட்டவணை போட்டு, "இவை என் பார்னக்கிள்கள் அல்ல" என்று வெளியே எடுத்து வைத்தார். 'மகைரிடியா' என்ற தனிப்பெயரும் அவர் கொடுத்ததுதான். தன் துறைக்குள் ஒரு பொருள் வந்து சேர்ந்தால் யாரும் விடமாட்டார்கள். "இது என்னுடையது இல்லை" என்று சொல்ல அந்தப் பொருளை நன்றாகத் தெரிந்தவரால்தான் முடியும். ஆனால் அவரும் மனிதர்தானே! இவை நட்சத்திர மீன் வகையான முட்தோலிகளுக்கு உறவாக இருக்கலாம் என்று சொல்லி வைத்தார். இது மூன்றாவது முகவரி. முட்தோலிகளின் உடலிலும் கால்சைட் தகடுகள் உண்டு என்பது உண்மைதான்.

1978-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டீஃபான் பெங்ட்சன் அந்த முகவரியும் சரியில்லை என்று எழுதினார். முட்தோலிகளின் அமைப்பு ஐந்து ஐந்தாகப் பிரியும், நட்சத்திர மீனுக்கு ஐந்து கை இருப்பது போல. மகைரிடியாவுக்கு இடது வலது மட்டும்தான். முட்தோலித் தகட்டை உருப்பெருக்கியில் பார்த்தால் கடற்பஞ்சு போலத் துளைத் துளையாக இருக்கும். மகைரிடியாத் தகடு அடுக்கடுக்கான படலங்களால் ஆனது. பொருள் ஒன்றாக இருந்தாலும் தயாரித்த முறை வேறு. நமக்குப் புரியும்படி சொன்னால், வார்ப்பு இரும்பும் இரும்புதான், தட்டி அடித்த இரும்பும் இரும்புதான். உடைத்து உள்ளே பார்த்தால் ஒன்றா?

புழுவாக இருக்கலாம் என்று சொன்னவர்களும் நடுவில் இருந்தார்கள். ஆனால் கையில் சாட்சி இல்லை.

தகட்டை எப்படிப் படிப்பது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஒற்றைத் தகடு கையில் இருக்கிறது. என்ன என்ன பார்க்க வேண்டும்?

முதலாவது, பொருள். தகடு கால்சைட்டா, பாஸ்பேட்டா, கைட்டினா? கால்சைட் என்றால் அமிலம் பட்டதும் நுரைத்துக் கரைந்துவிடும். சுண்ணாம்புக்கல்லிலிருந்து பாஸ்பேட் படிவங்களைப் பிரிக்க மெல்லிய அமிலத்தில் பாறையையே கரைப்பார்கள். அப்படிச் செய்தால் மகைரிடியாத் தகடும் பாறையோடு சேர்ந்து போய்விடும். ஆகவே பிரிக்கும் முறையிலேயே சாட்சி அழிந்துபோகலாம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, வளர்ச்சி வரிகள். தகட்டின் ஒரு மூலையில் சிறிய முனை இருக்கும். அதுதான் பிறந்த இடம். அங்கிருந்து விளிம்பு நோக்கி வரி வரியாகப் போகும், மட்டி ஓட்டில் பார்ப்பது போல. இறாலும் நண்டும் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிய ஓடு செய்துகொள்ளும். மகைரிடியா அப்படி இல்லை. அதே தகட்டை வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொண்டு, விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பெரிதாக்கியிருக்கிறது. உள்பக்கத்திலும் படலம் சேர்த்துத் தடிமனாக்கியிருக்கிறது. ஆனால் வரிகளை மட்டும் வைத்து பார்னக்கிளைத் தள்ளிவிட முடியாது. பார்னக்கிளும் தன் சுண்ணாம்பு ஓட்டைக் கழற்றாமல்தான் வளர்க்கிறது. ஒரு தடயத்தோடு நிறுத்திவிட்டால் ஏமாந்து போவோம் என்பதற்கு இதுவே உதாரணம்.

மூன்றாவது, இடதா வலதா? நம் செருப்பைப் போல இவற்றுக்கும் ஜோடி உண்டு. ஒரு தகட்டைக் கண்ணாடியில் காட்டினால் வரும் உருவத்தில் இன்னொரு தகடு கிடைத்தால், பிராணிக்கு இடது வலது இருந்தது என்று அர்த்தம்.

நான்காவது, எந்த வரிசை? இங்கேதான் பெரிய பொறி. ஒரே பிராணியின் முதுகு நடுவில் இருக்கும் உள்வரிசைத் தகடும், ஓரத்தில் இருக்கும் வெளிவரிசைத் தகடும் வடிவத்தில் வேறு வேறாக இருக்கும். இரண்டும் தனித்தனியாகக் கிடைத்தால் இரண்டு பிராணி என்று பெயர் வைத்துவிடும் அபாயம் உண்டு. ஒரே பைக்கின் முன் மட்கார்டையும் பின் மட்கார்டையும் பார்த்து இரண்டு கம்பெனி வண்டி என்று சொல்வது போல! ஆகவே ஒரே பாறைப் படலத்திலிருந்து நிறையத் தகடுகளைச் சேகரித்து, எது எதோடு சேர்ந்தே வருகிறது என்று பார்க்க வேண்டும். எங்காவது ஒரு முழுக் கவசம் கிடைத்தால் அதுதான் நமக்கு அசெம்பிளி டிராயிங்.

இவ்வளவையும் பார்த்த பிறகு மூன்று குடும்பமாகப் பிரிக்கிறார்கள்.

புளுமுலைட்டிடுகள்: மேலிருந்து அழுத்தியது போல் தட்டையான உடம்பு. மெல்லிய தகடு, அதில் அலை அலையாகக் குறுக்கு மடிப்புகள். உள்வரிசை, வெளிவரிசை என்று நான்கு வரிசைகள். பார்வைக்கு மரவட்டையைத் தட்டி விட்டது போல.

டர்ரிலெபாடிடுகள்: இவற்றுக்கும் நான்கு வரிசைதான். ஆனால் உடம்பு மேலிருந்து தட்டையாக இல்லாமல் பக்கவாட்டில் ஒடுங்கியது.

லெபிடோகோலிடுகள்: இரண்டே வரிசை. இடதும் வலதும் முதுகின் மேல் கீல் போல இணைந்து, கூரை போல இரு பக்கமும் இறங்கும். பக்கவாட்டில் நன்றாக ஒடுங்கி, கத்தி போல இருக்கும்.

கவனித்தீர்களா? இத்தனை செய்தும் 'இது எந்தக் குடும்பத்து மகைரிடியா' என்று சொல்லலாமே தவிர, 'மகைரிடியா என்பது என்ன பிராணி' என்று தகடு மட்டும் சொல்லவில்லை. பாகத்துக்கு எண் போட்டாயிற்று. ஆனால் மெஷின் எது?

மொராக்கோவில் கிடைத்த விடை

ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள நாடு மொராக்கோ. அதன் தென்கிழக்கில் ஸாகோரா என்ற ஊர்ப் பக்கம் 'ஃபெஸுவாட்டா' என்ற பாறைப் படலங்கள் இருக்கின்றன. அந்த வட்டாரத்தில் புதைபடிவங்களைத் தோண்டி எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் பலர் உண்டு. அவர்களில் ஒருவர் முகமது ஊ சயித் பென் மூலா. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், மென்மையான உடம்பும் பதிந்திருக்கிற வினோதப் படிவங்கள் அங்கே இருப்பதைக் கண்டுபிடித்து, பெல்ஜியத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருந்த பீட்டர் வான் ராய் என்ற மாணவருக்குக் காட்டினார். இது சாதாரணக் கல் அல்ல என்று முதலில் தெரிந்துகொண்டது பல்கலைக்கழகத்தில் இருந்தவர் அல்ல, பாறையோடு பழகியவர்! 2015-ல் அங்கே கிடைத்த, சுமார் இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு பிராணிக்கு 'எஜிரோகாஸிஸ் பென்மூலாய்' என்று அவருடைய பெயரையே விஞ்ஞானிகள் வைத்தார்கள்.

அந்தப் படிவங்களில் இன்னொரு வேடிக்கை. உடம்பின் மென்மையான பாகங்கள் அழுகும்போது அங்கே பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் படிந்தது. பிறகு காற்றும் நீரும் பட்டு அது இரும்பு ஆக்ஸைடாக மாறியது. அதனால் பழுப்புக் கல்லின் மேல் சிவப்பும் மஞ்சளுமாக உடம்பு தெரிகிறது. நம் பாஷையில் சொன்னால் துரு! நாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரட்டுகிற துரு, அங்கே 48 கோடி ஆண்டுச் சாட்சியைக் காட்டிக்கொடுக்கிறது.

இந்த ஃபெஸுவாட்டாப் பாறையில்தான் ஒரு புளுமுலைட்ஸ், தகடுகள் வரிசையாகவும், கீழே உடம்போடும் கிடைத்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த யாக்கோப் வின்தர், வான் ராய், டெரெக் பிரிக்ஸ் ஆகிய மூவரும் 2008-ல் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார்கள்.

என்ன தெரிந்தது? தகட்டின் கீழே கணுக்கணுவான உடம்பு. ஒவ்வொரு கணுவிலும் இரு பக்கமும் பக்கக்கால்கள். அந்தக் கால்களின் நுனியில் கொத்துக் கொத்தாக நுண்ணிய முட்கள். பத்தாம் வகுப்பில் படித்த வளைதசைப் புழுக்களை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். மண்புழு, அட்டை, நீரிஸ். அந்த நீரிஸுக்குப் பக்கக்கால்களும் முட்களும் இருக்கும் என்று படம் வரைந்து பாகம் குறித்தோமே, அதே அமைப்பு! கைட்டனுக்கு அது கிடையாது. பார்னக்கிளுக்குக் கிடையாது. நட்சத்திர மீனுக்கும் கிடையாது. 150 ஆண்டு வழக்கு ஒரே கல்லில் தீர்ந்தது. மகைரிடியா, கவசம் அணிந்த வளைதசைப் புழு.

அந்தப் புழுவுக்கு 'புளுமுலைட்ஸ் பெங்ட்சோனி' என்று பெயர் வைத்தார்கள். முட்தோலி முகவரி தவறு என்று 1978-ல் எழுதிய பெங்ட்சன் நினைவாக. அவர் முழு விடையைச் சொல்லவில்லை. ஆனால் தவறான விடையை அழித்தார். அதற்கும் மரியாதை உண்டு என்பது எனக்குப் பிடித்திருந்தது.

மறு வருடமே, 2009-ல், ஜெர்மனியின் ஹுன்ஸ்ரூக் பலகைக்கல்லிலிருந்து உடம்போடு கூடிய இரண்டாவது சாட்சி வெளியானது. சுமார் 40 கோடி ஆண்டுப் பழமை. இது லெபிடோகோலிட் குடும்பம். பைரைட்டாகவே மாறியிருந்தது. இந்தப் பலகைக்கற்களை உடைக்காமலேயே எக்ஸ்ரே எடுத்து உள்ளே இருக்கும் படிவத்தைப் பார்ப்பது அங்கே வெகு நாள் வழக்கம். சீமென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய வில்ஹெல்ம் ஸ்டூர்மர் அதில் முன்னோடி. வெல்டிங் ஜாயிண்ட்டை ரேடியோகிராபி எடுத்துப் பார்க்கிறோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான்.

2019-ல் இன்னும் ஒரு படி. அதே புளுமுலைட்ஸ் பெங்ட்சோனியின் இன்னொரு மாதிரியில், தலைப் பக்கத்தில் தாடைகள் இருப்பதை லூக் பாரி, வின்தர் முதலானோர் கண்டார்கள். தாடையிலும் வளர்ச்சி வரிகள்! அப்படிப்பட்ட தாடை அமைப்பு நீரிஸும் செதில்புழுக்களும் அடங்கிய கூட்டத்தில்தான் உண்டு. செதில்புழுக்கள் இன்றும் கடலில் வாழ்கின்றன. முதுகில் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இருக்கும். ஆனால் சுண்ணாம்பு கிடையாது, மெல்லிய செதில். ஆக, மகைரிடியாவின் தகடும் இன்றைய செதில்புழுவின் செதிலும் ஒரே மூலத்திலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. கைட்டன் தெரு, பார்னக்கிள் தெரு, நட்சத்திர மீன் தெரு எல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் சொந்தக்காரர் வீட்டுக் கதவைத் தட்டியாயிற்று!

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பக்கக்காலும் தாடையும் கொண்ட இந்தப் புழுக் கூட்டம் 48 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தனியாகப் பிரிந்துவிட்டது என்று இதனால் தெரிகிறது. உயிர்களின் குடும்ப மரத்தில் ஒரு கிளை எப்போது பிரிந்தது என்பதற்கு ஆணி அடித்து வைத்தது இந்தச் சிறு தகடுதான்.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது

இது ஒரு தகட்டின் கதை மட்டும் அல்ல. 'கோனோடான்ட்' என்று ஒன்று உண்டு. 1856-ல் பாண்டர் என்பவர் விவரித்த, பல் போன்ற நுண்ணிய படிவங்கள். அவையும் எந்தப் பிராணியின் பாகம் என்று தெரியாமல் 125 ஆண்டுக்கு மேல் அலைந்தன. எடின்பரோ அருகே கிடைத்த ஒரு படிவத்தில் உடம்பும் இருப்பது 1983-ல் ஒரு கட்டுரையாக வெளியானது, பின்னர் முதுகெலும்பிகளின் உறவு என்று முடிவானது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களிலும் மேலே சொன்ன டெரெக் பிரிக்ஸ் ஒருவர்!

இவ்வளவு காலமும் அந்தத் தகடுகளை என்ன செய்தார்கள் தெரியுமா? தொல்லுயிரியலில் 'இடம் உறுதியாகாதவை' என்று ஒரு பிரிவே உண்டு. எந்தக் கூட்டம் என்று தெரியாவிட்டால், தெரியும்வரை அதில் வைப்பார்கள். ஆனால் சும்மா வைப்பதில்லை. எந்த ஊர், எந்தப் பாறை, எத்தனை வரி, எந்தப் பக்கம் என்று எழுதி, படம் வரைந்து வைப்பார்கள். பின்னால் வருகிறவனுக்கு அது உதவும்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வைவாவில் நான் செய்த தப்பு, எனக்குப் பெயர் தெரியாதது அல்ல. தெரியாததை மறைக்க, ஜாடையைப் பார்த்து ஒரு பெயரைச் சொன்னதுதான். "பெயர் தெரியாது சார். ஆனால் அரை வட்டம், நடுவில் ஓட்டை இல்லை, வளைந்த பக்கம் தேயவில்லை, ஆகவே எதிலோ பதிந்து இருந்திருக்கும்" என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வீட்டில் யாரும் படித்திருக்கத் தேவையில்லை. கண் இருந்தால் போதும். என் வீட்டில் அந்தக் கண் இருந்தது. எனக்குத்தான் அது படிப்பு என்று தெரியவில்லை.

என்னைப் போல் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த தம்பி தங்கைகள் இந்த வருடமும் முதலாம் ஆண்டில் சேர்ந்திருப்பீர்கள். எல்லோருக்கும் தெரிந்த பெயர் உங்களுக்கு மட்டும் தெரியாமல் இருக்கும். கூசாதீர்கள். பெயரை ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். 'தெரியாது' என்று சொன்ன பிறகு, நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். கேட்டவர் சிரித்தால் சிரிக்கட்டும். மூன்று முகவரி தப்பாக எழுதியவர்களும் பெரிய விஞ்ஞானிகள்தான்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மகைரிடியா என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை. கடைசி வரை கேட்டுவிட்டு ஒன்று கேட்டார்.

"நூத்தம்பது வருஷம் என்னன்னே தெரியாத சாமானை, ஒருத்தரும் எடைக்குப் போடாம வச்சிருந்தாங்களா?"

"ஆமாப்பா."

"நல்ல ஆளுங்கதான்" என்றார்.

அடுத்த வாரம் மூன்றாம் பருவ வைவா. போய் வருகிறேன்.